கையை எடுக்கத் தெரிந்தால் குதிரை பழகும்

ஆடியில் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்கி வந்தவர்கள், ஆவணியில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சந்தையில அம்சமா நின்னுச்சுங்க. வீட்டுக்கு வந்ததும் கிட்டவே சேர்த்த மாட்டேங்குது, என்ன பண்றதுங்க?" அவர்களுக்கு நான் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுசாக எழுதுகிறேன். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் எங்களுக்கு. அங்கே என்னிடம் இருப்பது பவளம் என்கிற செவலைப் பெண் குதிரை, ராஜஸ்தானின் மார்வாரி இனம். அதுவும் அந்தியூரில் வாங்கியதுதான்.

சந்தையில் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், பஞ்சகல்யாணியா, அதாவது நாலு காலும் முகமும் வெள்ளையா என்று பார்ப்பார்கள். குதிரையின் காதைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் தொட்டுப் பார்த்தேன். தலை வானத்துக்குப் போனது. யாரோ காதைத் திருகிப் பிடித்து லாடம் அடித்திருக்கிறார்கள், இல்லை ஊசி போட்டிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. தெரிந்தேதான் வாங்கினேன்.

நான் பின்பற்றும் வழி அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் உருவானது. அங்கே குதிரையைப் பழக்குவது என்றால் கட்டிப்போட்டு, ஏறி உட்கார்ந்து, துள்ளித் துள்ளி ஓயும்வரை அடக்குவது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. ஆரெகனில் பிறந்த டாம் டாரன்ஸ் (1910–2003), அவருடைய அண்ணன் பில், டாமிடம் கற்ற ரே ஹன்ட் ஆகியோர் அதை மாற்றினார்கள். குதிரை ஏன் அப்படிச் செய்கிறது என்று அதன் பக்கம் நின்று பார்க்கச் சொன்னார்கள். பின்னால் வந்த பேட் பரேலி அதை ஏழு விளையாட்டுகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். மான்டி ராபர்ட்ஸ் வட்ட வேலிக்குள் குதிரையை ஓடவிட்டுத் தன்னிடம் வரவைக்கும் முறையால் பெயர் பெற்றார். இப்போது இதற்கென்றே தனிக் கயிறு, தனிக் குச்சி எல்லாம் விற்கிறார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான். லேசாக ஒரு அழுத்தம் கொடுக்கிறோம். குதிரை நாம் நினைத்த பக்கம் கொஞ்சம் மனசு வைத்த அந்த நொடியிலேயே அழுத்தத்தை எடுத்துவிடுகிறோம். குதிரை பாடம் படிப்பது நாம் அழுத்தும்போது இல்லை, விடும்போதுதான். இந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டால் கீழே நான் எழுதுவது எல்லாமே அதன் கிளைகள் என்று தெரிந்துவிடும்.

பழக்க ஆரம்பிக்கும் முன்னால், வலி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வலிக்கிற குதிரையை அடங்காத குதிரை என்று முத்திரை குத்துவது நம் ஊரில் சகஜம். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். பல் வாழ்நாள் முழுக்க முளைத்துத் தேய்ந்துகொண்டே இருக்கும். அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்தி போல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் வந்து அரத்தால் ராவிவிட்டால் பாதிச் சண்டை அன்றைக்கே தீரும். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது முதுகு அமுங்கி விலகினால் சேணம் அங்கே கடித்திருக்கிறது. குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சீவ வேண்டும். ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் மற்ற பிராணிகளைவிடக் குதிரைக்குச் சீக்கிரம் வரும். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றையும் மறக்க வேண்டாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். காலையில் ஒரு வாளி கொள்ளு, மாலையில் ஒரு வாளி தவிடு, நடுவில் வெறும் வாயோடு கட்டிப்போடுவது என்றால் வயிறு எரிந்துகொண்டுதான் நிற்கும். காய்ந்த புல்லோ சோளத்தட்டோ முகத்துக்கு எதிரில் எப்போதும் இருக்கட்டும். கொள்ளு கொஞ்சம் போதும். தனியாக வைப்பதும் கூடாது. இன்னொரு குதிரை இருந்தால் ரொம்ப நல்லது. எங்கள் வீட்டில் பவளத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் ஒரு எருமைக்கன்று இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பார்க்கிற மாதிரி.

குதிரை எதைப் பார்க்கிறது என்று தெரியாமல் கிட்டப் போகக்கூடாது. கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி அதற்குத் தெரியும். தெரியாத இடம் இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் எதிரில். ஆசையாக மூஞ்சியைத் தடவ நேரே கையை நீட்டுகிறோமே, அந்தக் கை கிட்ட வரவர அதன் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. அந்த இடத்தில் குதிரை மூக்கோரத்து மீசை முடியால்தான் தடவிப் பார்க்கிறது. அழகுக்காக அந்த முடியைக் கத்தரிக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். தோள் பக்கமாக, கொஞ்சம் சாய்வாக, ஏதாவது பேசிக்கொண்டே போங்கள்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. மெல்லிய கயிற்றில் முடிச்சுப் போட்ட தலைக்கயிறு ஒன்று, பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் கனமான பிடிகயிறு, நாலடி நீளத்துக்கு ஒரு குச்சி. குச்சி அடிக்க இல்லை, கை நீளத்தைக் கூட்டிக்கொள்ளத்தான். காலில் மூடிய செருப்போ பூட்ஸோ இருக்கட்டும். குழந்தைகள் கூட இருந்தால் தரையில் நிற்கும்போதும் தலைக்கவசம் போட வையுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மடித்துப் பிடிக்க வேண்டும். அப்புறம், வாயில் முள் கடிவாளம் போட்டிருந்தால் அதை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளில் முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அதன் நாக்கை ஒருதரம் பாருங்கள், போதும்.

முதல் சில நாள் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய், அது மேய்கிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். அது உங்களைப் பார்த்தால் நீங்கள் தரையைப் பாருங்கள். அது ஒரு அடி வந்தால் நீங்கள் எழுந்து ஒரு அடி விலகுங்கள். இது பலருக்குக் கோணலாகப் படும். "வர்ற குதிரைய எதுக்கு அம்மிணி தொரத்தற?" என்று எங்கள் லாயத்தில் உதவிக்கு இருக்கும் பெரியவரே கேட்டார். துரத்தவில்லை, அது வந்ததற்குப் பதிலாக இடம் கொடுக்கிறேன். நம்மைக் கண்டால் நெருக்கடி வரும் என்று நினைத்திருக்கிற குதிரைக்கு, நாம் விலகுவதைவிடப் பெரிய பரிசு கிடையாது. கொஞ்ச நாளில் பெரியவரும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

தொட விட்டதும் முதலில் கை போக வேண்டிய இடம் பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அதுதான். பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்து 1993-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத்துடிப்பு இறங்குவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். தட்டாதீர்கள், சொறியுங்கள். முதுகில் பளார் பளாரென்று தட்டிக் கொஞ்சுவது நமக்குத்தான் பிடிக்கும். மேலுதடு நீண்டு கோணினால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள். அது நன்றாக ரசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு நகருங்கள், பின்னாலேயே வரும்.

இப்போது காது. மார்வாரிக்கும் குஜராத்தின் கத்தியவார் இனத்துக்கும் அழகே உள்பக்கம் வளைந்து நுனி சேருகிற அந்தக் காதுதான். திருகிப் பிடிக்கவும் அதுதான் வாகாக இருக்கிறது. அதனால் காது தொட விடாத குதிரைகள் நம் பக்கத்தில் நிறைய. தலைக்கயிறு மாட்டுவதே போராட்டமாக இருக்கும். நான் செய்தது இதுதான். தலைக்கயிற்றை ஒரு பக்கம் முழுக்க அவிழ்த்து, காதைத் தாண்டாமல் கழுத்துப் பக்கமாகச் சுற்றி மாட்டினேன். இதனால் தினமும் நடக்கிற சண்டை நின்றது. அப்புறம் தனியாகக் காதுக்கு நேரம் ஒதுக்கினேன்.

புறங்கையைத் தோளில் வைத்துக் கழுத்தில் மெதுவாக மேலே கொண்டு போங்கள். ஓரிடத்தில் தலை இலேசாக விறைக்கும், மூச்சு நிற்கும், கண்ணுக்கு மேல் ஒரு சுருக்கம் விழும். அதுதான் எல்லைக்கோடு. கோடு வருவதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப இப்படிப் போய் வந்தால் கோடு மேலே மேலே நகரும். தவறிக் கோட்டைத் தாண்டிவிட்டால், தலை உயர்ந்தால், கையை உடனே எடுக்கக் கூடாது. எடுத்தால் 'தலையைத் தூக்கினால் கை போய்விடும்' என்று அது கற்றுக்கொள்ளும். அழுத்தாமல், பிடிக்காமல், கை அதன் தோலோடு ஒட்டிக்கொண்டே உயரட்டும். தலை ஒரு அங்குலம் இறங்கியதும் எடுங்கள். ஒரு அங்குலம் போதும்; முழுசாக இறங்கட்டும் என்று காத்திருப்பதில்தான் பலர் வாய்ப்பை விடுகிறார்கள்.

காதின் அடிவேர் வரை போனபின், கட்டைவிரலால் அடிவேரைச் சுற்றி வட்டமாகத் தேய்த்துக்கொடுங்கள். உண்ணி உட்காருகிற இடம் அது, அரிப்பு இருக்கும், குதிரைக்குச் சுகமாக இருக்கும். பவளம் அங்கேதான் முதன்முதலில் கண்ணைச் சொருகியது. கீழுதடு தொங்கியது, ஒரு பின்னங்காலை மடித்து ஓய்வாக வைத்துக்கொண்டது, அப்புறம் நாக்கைச் சுழற்றி வாயை மென்றது. வாயை மென்றால் குதிரை 'சரி என்று ஒப்புக்கொண்டது' என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இருந்த பதற்றம் இறங்குகிறது என்பதற்கு அடையாளம் அது. அப்படியென்றால் முன்னால் பதற்றம் இருந்திருக்கிறது. நாள் போகப்போக மெல்லுவது குறைந்து, கொட்டாவியும் பெருமூச்சும் கூடினால்தான் எனக்குத் திருப்தி.

காது சரியானால் மீதியெல்லாம் சுலபம். தரையில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது பின்னுக்குப் போவது. எதிரில் கொஞ்சம் ஓரமாக நின்று, தலைக்கயிற்றின் மூக்குப்பட்டையை இரண்டு விரலால் பின்பக்கம் தொடுங்கள். தொடுவது ஈ உட்கார்ந்த அளவுக்கு இருக்கட்டும். ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற பிராணி அது. அசையாவிட்டால் மூன்று நான்கு எண்ணும் நேரத்துக்குள் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூட்டியபின் குறைக்காமல் அப்படியே பிடித்திருங்கள். எடை பின்னங்காலுக்கு மாறும். கால் இன்னும் எடுத்து வைத்திருக்காது. அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அடுத்த தரம் காலே எடுத்து வைக்கும். எப்போதும் திரும்ப அந்த ஈ அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பலத்த அழுத்தத்திலிருந்து ஆரம்பித்தால் குதிரைக்கு அந்த பலம்தான் தொடக்க விலை ஆகிவிடும்.

இரண்டாவது, பின்பக்கத்தை நகர்த்துவது. தோளுக்குப் பக்கத்தில் நின்று தலையை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பி, அதன் இடுப்பை உற்றுப் பார்த்துக்கொண்டு, விலாவுக்குப் பின்னால் கையை வையுங்கள். உங்கள் பக்கத்துப் பின்னங்கால் மற்றதற்கு முன்னால் குறுக்கே போட்டு நகர்ந்ததும் கையை எடுங்கள். கால் குறுக்கே விழுகிற நேரத்தில் குதிரையால் எளிதில் பாயவோ துள்ளவோ முடியாது. நாளைக்கு நீங்கள் மேலே இருக்கும்போது அது மிரண்டால், ஒரு பக்கக் கயிற்றை மெல்ல மடக்கி இதையே கேட்பீர்கள். அதுதான் உங்கள் பிரேக். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். இடப்பக்கம் தெரிந்தது வலப்பக்கம் தெரியும் என்று நம்பக்கூடாது.

ஒரு வேளைக்கு இருபது நிமிடம் தாராளம். நன்றாகச் செய்த இடத்தில் அவிழ்த்துவிடுங்கள், இன்னொரு தரம் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

வட்ட வேலிக்குள் ஓடவிடுவதைப் பற்றி என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பது அறுபது அடி விட்டத்தில் வேலி போட்டு, குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடவைத்து, அது தலை தாழ்த்தியதும் நாம் திரும்பி நின்றால் பின்னால் வரும் என்பது அந்த முறை. வருகிறது, உண்மைதான். ஆனால் கத்துக்குட்டி கையில் அது வெறும் துரத்தலாக முடிகிறது. நம் ஊர் வெயிலில், கெட்டித் தரையில், குதிரைக்கு வேறு போக்கிடம் இல்லாமல் நம்மிடம் வருவதை நட்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. திறந்த மேய்ச்சலில் புல்லை விட்டுவிட்டு வருகிறதே, அதை நம்புகிறேன்.

அதேபோல் பயம் தெளிய வைப்பது. பிளாஸ்டிக் தாள், குடை, மேளச் சத்தம், எதற்கும் மிரளாமல் இருக்க வேண்டும் என்று குதிரையை நெருக்கிக் கட்டிப்போட்டு அதன்மேல் தாளை அடித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அசையாமல் நிற்கும். கண் இமைக்காது, வாய் இறுகியிருக்கும். அது தெளியவில்லை, தப்பிக்க வழியில்லை என்று விட்டுக்கொடுத்துவிட்டது. என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும், அன்றைக்கு மேலே உங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். இதைச் செய்ய வேண்டிய விதம் வேறு: கூட இருப்பவர் தாளைத் தரையில் இழுத்துக்கொண்டு குதிரையைவிட்டு விலகிப் போகட்டும், நீங்கள் குதிரையோடு தூரத்தில் பின்னால் போங்கள். தான் பயந்த பொருள் தன்னைவிட்டு விலகி ஓடுகிறது என்று தெரிந்ததும் குதிரையின் காது முன்னால் நிமிரும், நடை கூடும், தானாகவே முகர்ந்து பார்க்கப் போகும். மேளத்தையும் தூரத்தில் மெல்லிசாக ஆரம்பித்து இப்படியே. தீபாவளி வெடியை மட்டும் பாடமாக்க நினைக்காதீர்கள். அன்று லாயத்தில் துணையோடு புல் போட்டு வைப்பதுதான் சரி.

வெல்லம், கேரட் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், நானும் கொடுக்கிறேன். கையில் துழாவுகிற குதிரையாக இருந்தால் கையிலிருந்து கொடுக்காமல் வாளியில் போடுங்கள். முகத்தை விலக்கி நிற்கும்போது மட்டும் கொடுங்கள்.

ஏறுவதற்கு அவசரம் வேண்டாம். மூன்று வயசுக்குக் கீழே ஏறவே கூடாது. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயசைத் தாண்டும் என்பதால் நாலு வயசு வரை பொறுத்தால் இன்னும் நல்லது. சேணத்தோடு சேர்த்து உங்கள் எடை குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சேணத்தை முதுகில் வைப்பதும் காதில் செய்த அதே வேலைதான்: கொண்டு போ, கோட்டுக்கு முன்னால் எடு. சேணத்தின் வயிற்று வாரை முதலில் தொளதொளவென்று கட்டி, நாலடி நடத்தி, ஒரு துளை ஏற்றி, மறுபடி நடத்துங்கள். ஒரே இழுப்பில் இறுக்கினால் அடுத்த நாள் சேணத்தைக் கண்டதும் வயிற்றை உப்பிக்கொள்ளும், கடிக்கவும் வரும். முதல் தரம் மேலே ஏறுபவர் முழுசாக உட்கார வேண்டியதில்லை. வயிற்றால் குறுக்கே சாய்ந்து, அது மூச்சு விட்டதும் இறங்கட்டும். இறங்குவதும் ஒரு விடுதலைதான்.

கடைசியாக வண்டியில் ஏற்றுவது. நோய் வந்தால் குதிரையை வண்டியில் ஏற்றத்தான் வேண்டும், அதனால் நல்ல நாளிலேயே பழக்கி வையுங்கள். மினி லாரியின் பின்கதவை மேட்டோடு சேர்த்து நிறுத்தி, நடுவில் ஆடாத பலகை போட்டு, மேலே வைக்கோல் பரப்புங்கள். முன்னங்கால் ஒன்று பலகையில் பட்டதும் நீங்களே பின்னுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். ஏறுவதைவிடப் பின்னால் இறங்கத் தெரிவது முக்கியம். இறங்க வழி உண்டு என்று தெரிந்த குதிரை தாராளமாக ஏறும். பின்னாலிருந்து யாரும் கயிறு போட்டுத் தள்ள வேண்டாம், கத்தவும் வேண்டாம். முழுசாக ஏறியபின் உள்ளே புல் தின்னட்டும், என்ஜினைப் போட்டு அணையுங்கள், இறக்கிவிடுங்கள். முதல் பயணம் ஆற்றோர மேய்ச்சலுக்குப் போகட்டும், ஊசி போடுகிற இடத்துக்கு வேண்டாம். உள்ளே தலையை உயரத் தூக்கிக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்திச் சீற முடியாவிட்டால் தூசும் சளியும் மூச்சுக்குழாயிலேயே தங்கி நுரையீரல் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். தூரப் பயணம் என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைத் தொங்கப்போட விடுங்கள்.